நினைவு என்னும் கடன்: ஹருகி முரகாமியின் 'நோர்வீஜியன் வுட்' புதினத்தில் துயரும் மறதியும்

முன்னுரை

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமியின் 'நோர்வீஜியன் வுட்' 1987ஆம் ஆண்டு செப்டம்பரில், சிவப்பு, பச்சை அட்டைகளுடன் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இது முழுக்க முழுக்கக் காதல் கதை என்னும் பொருள்பட அதன் அட்டைப்பட்டையில் விளம்பரம் இடம்பெற்றது. இளைஞர்கள் அதனை இலட்சக்கணக்கில் வாங்கினர். எனினும், இப்புதினத்தின் அடிப்படை வினா காதல் கைகூடியதா என்பதன்று. தன்னை மறவாதிருக்கும்படி வேண்டி இறந்துபோனவளுக்கு அளித்த உறுதிமொழியை உயிரோடிருப்பவன் காக்க இயலுமா என்பதே அவ்வினா. அதனைப் புதினத்தின் கதைசொல்லல் முறை கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் கதைசொல்லியும்

37 வயதான தோரு வதனபே, விமானம் ஹாம்பர்க்கில் தரையிறங்கும்போது பீட்டில்ஸ் குழுவின் பாடலொன்றை இசைக்கோவையாகக் கேட்டு நிலைகுலைகிறான். கதை 18 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது. அவனது நெருங்கிய நண்பன் கிஸுகி 17 வயதில் தற்கொலை செய்துகொள்கிறான். கிஸுகியின் காதலி நவோகோவை வதனபே பின்னர்த் தோக்கியோவில் சந்தித்து விரும்புகிறான். மனநலம் குன்றிய அவள் கியோத்தோ மலைப்பகுதியிலுள்ள காப்பகம் ஒன்றில் தங்குகிறாள். 1969ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், அம்மலைப்புல்வெளியில் நடக்கையில், தன்னை என்றும் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறாள். அடுத்த ஆண்டு அவளும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

இவ்வேண்டுகோளை முதல் இயலிலேயே வைத்து, அது நிறைவேறாமையையும் அங்கேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார். நவோகோவின் முகம் நினைவில் எழுவதற்குத் தொடக்கத்தில் சில நொடிகளே போதுமாயிருந்தன. பின்னர் அந்நேரம் மாலைநேர நிழல்போல் நீள்கிறது. புல்வெளியின் நிறமும் காற்றின் மணமும் தெளிவாக மீள, அவளது முகம் மட்டும் தாமதிக்கிறது. அவள் பேசிய ஆழ்கிணறு உண்மையில் அங்கிருந்ததா, அவள் மனத்தில் மட்டும் இருந்ததா என்பதும் அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மறதியே எழுத்தின் வாயில்

நவோகோவைப் பற்றி எழுத வதனபே முன்பே பலமுறை முயன்று, முதல் வரியையும் எழுத இயலாது நின்றவன். அனைத்தும் மிகத் தெளிவாக இருந்ததால் எங்கிருந்து தொடங்குவதென்று அவனுக்குப் புலப்படவில்லை. நினைவு மங்கிய பின்னரே எழுத முடிகிறது. குறைபாடுள்ள எழுத்தென்னும் கலத்தில் குறைபாடுள்ள நினைவையே இட முடியும் என்பது அவன் கண்டடைந்த உண்மை. ஆகவே, இங்கு மறதி நினைவின் பகையன்று. நினைவு எழுத்தாவதற்குரிய நிபந்தனையாகும். கடனைச் செலுத்தத் தொடங்கும் நேரத்திலேயே அதன் ஒரு பகுதி தவறிப்போய்விட்டது என்னும் குற்றவுணர்வே புதினத்தின் ஆழ்ந்த துயர்.

மின்மினிக் காட்சி இதற்குச் சான்றாகும். விடுதி மாடியில் வதனபே விடுவித்த மின்மினி பறந்து மறைந்தபின்னும் அதன் ஒளித்தடம் அவனுள் நெடுநேரம் நிற்கிறது. இருளில் கை நீட்டுகிறான், எதுவும் தட்டுப்படவில்லை. ஒளி மறைந்தபின் அதன் தடத்தைப் பற்ற நீளும் அக்கையின் செயலே புதினம் முழுவதும் நிகழ்கிறது.

தலைப்பும் காடும்

பீட்டில்ஸ் 1965இல் வெளியிட்ட பாடலின் தலைப்பிலுள்ள 'வுட்' என்னும் சொல், மரத்தைக் குறிப்பதாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ஜப்பானியத் தலைப்பாகிய 'நொருவேய் நோ மொரி' என்பதில் அது காடாகிறது. இம்மொழிபெயர்ப்பு முரகாமிக்கு முன்பே ஜப்பானில் வழங்கிவந்தது. பொருள் விலகிய அச்சொல்லைப் புதினம் தனக்கு உரியதாக்கிக்கொள்கிறது. இப்பாடலைக் கேட்கும்போது அடர்ந்த காட்டில் தனியே வழி தவறியதாகத் தோன்றுகிறது என்கிறாள் நவோகோ. அவள் இறப்பதும் காட்டில்தான். இவ்வாறு, தலைப்பே அவளது முடிவை முன்னுணர்த்துகிறது.

அறிவும் ஆறாத் துயரும்

கிஸுகி இறந்தபின், சாவு வாழ்வுக்கு வெளியே நிற்பதன்று, அதனுள்ளேயே அடங்கியது என்னும் முடிவுக்கு வதனபே வருகிறான். நவோகோவின் மறைவுக்குப் பின் அம்முடிவு பொய்க்கவில்லை. எனினும் அது உதவவில்லை. ஒரு துயரில் கற்றது அடுத்த துயரில் பயன்படாது என்பதை உணர்கிறான். கடற்கரை ஊர்களில் இலக்கின்றித் திரிகையில் இளம் மீனவன் ஒருவன் தன் தாயின் இறப்பைக் கூறி ஆறுதல் அளிக்க முற்படும்போது, வதனபேக்குச் சினமே எழுகிறது. அவரவர் துயர் அவரவர்க்கே உரியது. பிறிதொரு துயர் அதற்கு ஈடாகாது.

இதற்கு எதிர்நிலையாக அமைபவள் மிதோரி. நோயுற்ற தந்தையை மருத்துவமனையில் பேணியவாறே உணவையும் சிரிப்பையும் விடாதவள். இறந்தோர்பால் அவளுக்கும் கடனுண்டு. ஆனால் அக்கடன் அவளை வாழ்விலிருந்து விலக்கவில்லை. இறுதியில் காப்பகத் தோழி ரெய்கோ கிதார் இசைத்து, நவோகோவுக்கென ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்களால் இறுதிச் சடங்கு நடத்துகிறாள். அதன்பின் வதனபே மிதோரியைத் தொலைபேசியில் அழைக்கிறான். எங்கிருக்கிறாய் என்று அவள் கேட்க, விடை கூற இயலாது திகைக்கிறான்.

முடிவுரை

நினைவில் வைத்திருத்தல் என்னும் உறுதிமொழி முழுமையாகக் காக்கப்படுவதில்லை என்பதை இப்புதினம் மறைக்கவில்லை. நவோகோவின் கடிதங்கள் உட்பட அவளது குரல் அனைத்தும் வதனபேயின் மங்கிய நினைவு வழியாகவே நமக்குக் கிட்டுகிறது. அவள் தன்னைக் காதலிக்கவே இல்லை என்று முதல் இயலின் இறுதியில் அவனே ஒப்புக்கொள்கிறான். அவ்வாறாயின், இப்புதினத்தைக் காதல் கதையாக மட்டும் வாசிப்பது அவளது வேண்டுகோளை இரண்டாம் முறை மறப்பதாகும். மறந்துவிடுவோம் என்று அறிந்தே நினைவுகூர்வதன் கையறவை எழுத்தாக்கியதே இப்படைப்பின் தனித்தன்மை எனலாம்.