ஜெபப் பாட்டு கம்பெனி வாசலுக்கு வந்த கதை

சங்கத்துக்கு அங்கீகாரமும் சம்பள உயர்வும் கேட்டு, சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முடிந்தது அக்டோபர் 15-ல். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் அப்போது எங்கும் அதே பேச்சு. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், பைக் தவணை என்று வீட்டில் நெருக்கும்போது, ஆயிரம் பேர் கலையாமல் 37 நாள் உட்கார்ந்திருப்பது லேசா என்ன?

இதே கஷ்டத்தை அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் சிலர் பாட்டால் தாண்டினார்கள். 1945 அக்டோபரில் அங்கே சுருட்டுக் கம்பெனித் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வெளியே வந்தார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். போராட்டம் மாதக்கணக்கில் இழுத்தது. லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி, சர்ச்சில் பழகிய ஒரு பாட்டை அன்றாடம் நிதானமாக இழுத்துப் பாடுவார். வாசலில் நின்ற எல்லோரும் சேர்ந்துகொள்ள, பாட்டிலிருந்த 'நான்' அங்கே 'நாம்' ஆனது. பிற்பாடு உலகமே பாடிய 'வீ ஷல் ஓவர்கம்' அதுதான். நம் பள்ளிகளில் பாடும் 'ஹம் ஹோங்கே காம்யாப்' அதன் இந்தி வடிவம்.

ஏன் சர்ச் பாட்டு? வெள்ளை முதலாளியின் கண் படாமல் அந்த மக்கள் கூட முடிந்த இடம் சர்ச்தான். 1955 டிசம்பரில் தொடங்கிய மாண்ட்காமரி பஸ் புறக்கணிப்பு 381 நாள் நின்று பிடித்தது. அதன் கூட்டங்கள் சர்ச்சில்தான் நடந்தன, பாட்டோடும் ஜெபத்தோடும்.

நம்மூரில் கதை கொஞ்சம் சிக்கல். இங்கே சாதி சர்ச்சுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. தனி இருக்கை, தனிக் கல்லறை! கர்னாடக ராகத்துக் கீர்த்தனைக்குக் கிடைத்த மரியாதை, 'சாவுக்கு அடிப்பது' என்று ஒதுக்கப்பட்ட பறைக்குக் கிடைக்கவில்லை.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு இதைத்தான் புரட்டிப்போட்டார். 'பரட்டை அண்ணன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். ஆராதனை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், கிராமத்துப் பேச்சில் அமைத்தார். 'ஒரே உலை' என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம்: எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடுவது. தண்ணீர்க் குடத்துக்கே சாதி பார்க்கிற ஊரில் இதைவிடக் காரமான பிரசங்கம் வேண்டுமா?

கீர்த்தனையில் ஒரு வார்த்தையை மாற்றினால் தப்பு என்பார்கள். நாத்து நடுகிற பெண்ணோ ஊர்ப் பாட்டில் தன் வார்த்தையைப் போட்டுப் பாடலாம். அந்த நிமிஷமே அது அவள் பாட்டு. அப்பாவு நாட்டுப்புற இசையைப் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான். சார்ல்ஸ்டன் பெண்கள் செய்ததும் இதுவே.

2005-ல் அவர் காலமானார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவருடைய இசையைப் பற்றி எழுதிய புத்தகம் 2014-ல் வந்தது. திண்டுக்கல்லில், ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி வளர்த்தெடுத்த சக்தி கலைக்குழுவில் பறை அடிப்பது இளம்பெண்கள். சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேடையில் அடித்து ஆடுகிறார்கள்.