புல்லி மாறினால் டைமிங்கும் மாறும்

மாஸ்டா ரோட்டரி எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் உண்டு. கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெயிலிங். எரியறை நீண்டு ஒடுங்கியிருப்பதால் ஒரே பொறியில் கலவை முழுக்க எரிந்துவிடாது, அதற்காகத்தான் இரண்டு. முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரில் இரண்டு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பியது ஒரே டிஸ்ட்ரிபியூட்டர். 1986 மாடலில் அந்த இடத்துக்கு கிராங்க் ஆங்கிள் சென்சார் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் இறங்கும் துளை ஒத்துப்போவதால், பிந்தைய 13பி எஞ்சினில் பழைய 12ஏ எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தி கார்புரேட்டரோடு ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்படி மாற்றும்போது டைமிங் வைப்பதில் தவறு நடப்பது பெரும்பாலும் முன்பக்கப் புல்லியில்தான். அதில் மஞ்சள் கோடு லீடிங்குக்கு, சிவப்புக் கோடு டிரெயிலிங்குக்கு. முன் மூடியில் ஒரு ஊசி. அமெரிக்காவில் விற்ற 12ஏ ஆர்எக்ஸ்-7இல் மஞ்சள் கோடு நேராக டிடிசியில், அதாவது 0 டிகிரியில் இருக்கும். சிவப்பு 20 டிகிரி பின்னால். 1986 மாடல் 13பியிலோ மஞ்சளே 5 டிகிரி பின்னால், சிவப்பு 20. நிறம் ஒன்றுதான், கணக்கு வேறு. 12ஏயில் 13பி புல்லி ஏறினால் பொறி 5 டிகிரி தாமதமாகும்; இழுவை குறையும், சைலன்சர் சூடேறும். 13பியில் 12ஏ புல்லி ஏறினால் 5 டிகிரி முந்தும். இதுதான் ஆபத்து. எஞ்சின் தட்டத் தொடங்கினால் ரோட்டர் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல் உடையும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

எந்தப் புல்லி என்று கண்டுபிடிக்க ஒரு அளவு நாடா போதும். விட்டம் 150 மி.மீ. என்றால் சுற்றளவு 471 மி.மீ.; ஒரு டிகிரிக்கு 1.3 மி.மீ. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே 26 மி.மீ. இருந்தால் 20 டிகிரி, அது 12ஏ புல்லி. 20 மி.மீ.க்குச் சற்றுக் குறைவென்றால் 15 டிகிரி, 13பி.

டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினுக்குள் இறக்கும்போது மஞ்சள் கோட்டை ஊசிக்கு நேராக நிறுத்தி, அதன் பல்சக்கரத்திலுள்ள குறியை அதன் உடலிலுள்ள குறியோடு சேர்க்க வேண்டும். எஞ்சின் சூடேறிய பின், வேக்குவம் குழாய்களைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில், முன் ரோட்டரின் லீடிங் வயரில் டைமிங் லைட்டை மாட்டி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி லீடிங்கைச் சரிசெய்வார்கள். டிரெயிலிங் அடுத்தது, அதற்கு வேக்குவம் யூனிட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி யூனிட்டை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தினால் போதும். வரிசையை மாற்றினால், பின்னால் லீடிங்கைத் திருப்பும்போது டிரெயிலிங்கும் கூடவே நகர்ந்துவிடும்.