சென்னை - ஜித்தா: வானில் எத்தனை மணி நேரம்?

உம்ரா டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?" என்பதுதான். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்த்தால் தவறான விடைதான் வரும். உதாரணமாக, மாலை 4 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.15க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் மூன்றேகால் மணி நேரம் என்று தோன்றும். ஆனால் புறப்படுவது நம் நேரம், இறங்குவது சவூதி நேரம். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதையும் கூட்டினால் 5 மணி 45 நிமிடம். திரும்பும்போது அதே இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும்.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே நேர்வான் தூரம் சுமார் 4,450 கி.மீ. விமானம் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், ஓடுபாதை, ஏற்றம், இறக்கம் என்று நேரம் கூடிவிடும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த மேல்காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். ஒரே தூரத்துக்கு இரண்டு நேரம் வருவது இதனால்தான்.

துபாயில் விமானம் மாறிப் போனால் தூரம் ரொம்பக் கூடிவிடும் என்று பலர் நினைக்கிறோம். சென்னை - துபாய் சுமார் 2,930, துபாய் - ஜித்தா சுமார் 1,700. கூடுவது 200 கி.மீ. கூட இல்லை. நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான். வயதான அத்தா, உம்மாவை அழைத்துச் செல்பவர்கள் கட்டணத்தோடு இதையும் பார்ப்பது நல்லது. சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் கடிகாரத்தை அல்ல, கழிந்த மணி நேரத்தைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு மிகவும் தேவைப்படுவது இஹ்ராமுக்கு. கப்பலில் போன நம் முன்னோருக்கு மீகாத் யலம்லம். கிழக்கிலிருந்து வரும் விமானமோ பெரும்பாலும் தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸில் எல்லையைக் கடந்து ஜித்தாவில் இறங்குகிறது. தரையிறங்க ஏறத்தாழ அரை மணி நேரம் இருக்கும்போது அந்த எல்லை வரும். அப்போதும் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 10 கி.மீ. ஓடுகிறது. கழிப்பறை வரிசையில் ஐந்து நிமிடம் நின்றால் 50 கி.மீ. போய்விடும். எனவே ஆடையை வீட்டிலோ விமான நிலையத்திலோ அணிந்துகொண்டு, அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா சொல்வதே எளிது. இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். முதலில் மதீனாவில் இறங்குபவர்களுக்கு இந்த அவசரமே இல்லை. அவர்கள் மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டலாம்.

ரமளானில் மேற்கு நோக்கிப் பறந்தால் சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறோம். நாம் சொன்ன மாலை 4 மணி விமானத்தில் நோன்பு சுமார் இரண்டரை மணி நேரம் நீளும். கீழே உள்ள ஊரில் பாங்கு சொன்ன பிறகும், உயரத்தில் இருக்கும் நமக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் சூரியன் தெரியும். நம் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நோன்பு திறக்க வேண்டும் என்பது அறிஞர்களின் விளக்கம். முடியாதவர்களுக்குப் பயணிக்கான சலுகை இருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.