கேண்டிடாப் பூஞ்சையும் பத்தியப் பட்டியலும்

சென்ற தை மாதத்தில் கைலாசபுரத்திற்குச் சென்றிருந்தேன். திருவெறும்பூருக்கு அருகில், கொதிகலன் ஆலையின் தொழிலாளருக்கென 1960-களில் எழுந்த குடியிருப்பு அது என்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். அவ்வாலையில் பணிபுரியும் மகனுடன் என் தமக்கையார் அங்கே வசித்து வருகிறார். உறையூரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, மணமாகிச் செல்லும் வரையில் தார் சுற்றியும் பாவு புணைத்தும் எங்கள் தகப்பனாருக்கு உதவியாயிருந்தவர் அவர்.

பொங்கல் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தும் அவ்வீட்டு அடுக்களையில் கரும்புத் துண்டு ஒன்றில்லை; வாழைப்பழச் சீப்பும் இல்லை. அலமாரிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. "கேண்டிடாவை வெளியேற்றும் 40 நாள் தேக சுத்தி" என்பது அதன் தலைப்பு. ஒருபுறம் உண்ணத்தக்கவை, மறுபுறம் விலக்கத்தக்கவை. அரிசி, கோதுமை, கிழங்குகள், சர்க்கரை, வெல்லம், தேன், பழங்கள் யாவும், இட்லி, தோசை, பழைய சோறு, ரொட்டி, காளான், காப்பி, தேநீர் ஆகியவை விலக்கத்தக்கவை. உண்ணத்தக்கவற்றில் கீரை, வெள்ளரிக்காய், முட்டை, பூண்டு, தேங்காயெண்ணெய் என்று ஒரு சிலவே எஞ்சியிருந்தன. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் கைப்பேசியில் அனுப்பியதைப் பேத்தி எழுதிக் கொடுத்தாளாம்.

"தம்பி, சோற்றைத் தொட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. அரிப்புக் குறைந்திருப்பது மெய்தான். ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. உள்ளிருக்கும் கிருமி சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது" என்றார் தமக்கையார்.

இத்தகைய பட்டியல் நம் அங்கத்தினர் இல்லங்கள் சிலவற்றிலும் புகுந்திருப்பதாகக் கேள்வியுறுகிறேன். நெல்லும் வாழையும் விளைவித்து வாழ்பவர் தம் கலத்திலிருந்தே அவ்விரண்டையும் அகற்றுவதென்றால், அதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும் அன்றோ? அதனால் இப்பொருளைச் சற்று ஆராய்ந்து எழுதலாயிற்று.

கேண்டிடா என்பது ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணிய பூஞ்சை. வெண்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர் 1923-ஆம் ஆண்டில் சூட்டப்பெற்றது. நம்மில் மிகப் பலருடைய வாயிலும் குடலிலும் இது குடியிருக்கிறது. குடியிருப்பதே வியாதியாகாது. வேறு நற்கிருமிகளும் நம் இரத்தத்தின் வெள்ளணுக்களும் இதனை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காவல் தளரும்போதுதான் இது பெருகித் தொல்லை தருகிறது. கைக்குழந்தைகளின் நாவில் தயிர் படிந்தாற்போல் தோன்றும் அக்கரம், பெண்களுக்கு மறைவிடத்தில் உண்டாகும் அரிப்பும் வெண்படிவும், பருத்த தேகத்தின் மடிப்புகளில் சிவந்து நீர் கசியும் புண் ஆகியவை பெரும்பாலும் இதன் வேலை. ஆகவே இதனைத் தேகத்திலிருந்து அடியோடு "வெளியேற்றுவது" என்ற பேச்சே பொருந்தாதது. 40 நாள் கழித்தும் அது அங்கேதான் இருக்கும்.

இப்பட்டியலின் பிறப்பிடம் அமெரிக்கா. 1980-களில் அந்நாட்டு வைத்தியர்கள் இருவர், ஆர்லான் அல்ல, ஓரியன் டிரஸ் என்பவரும் வில்லியம் குரூக் என்பவரும், களைப்பு, தலைவலி, மனச்சோர்வு போன்ற பல துன்பங்களுக்கும் குடலிலுள்ள கேண்டிடாவே மூலம் என்று நூல்கள் எழுதினர். சர்க்கரையையும் ஈஸ்ட் சேர்ந்த உணவுகளையும் விலக்கினால் பூஞ்சை பட்டினியால் மடியும் என்பது அவர்கள் கொள்கை. நூல்கள் ஏராளமாக விற்பனையாயின. பின்னர் இக்கொள்கையைச் சோதித்தார்கள். இத்தகைய துன்பமுடைய 42 பெண்களுக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்தையும், மருந்தில்லாப் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. மறைவிடத்து அரிப்பு மருந்தினால் தணிந்தது. களைப்பு முதலிய மற்றத் துன்பங்களிலோ, மருந்துக்கும் போலிக்கும் வேற்றுமை காணப்படவில்லை. 1999-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமுள்ள 28 பேருக்குச் சர்க்கரை மிகுந்த ஆகாரம் அளித்துப் பார்த்தனர். அவர்கள் குடலில் கேண்டிடா பெருகியது சொற்பமே. நாம் உண்ணும் சர்க்கரையில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே இரத்தத்தில் கலந்துவிடுவதால், கீழ்க்குடலிலுள்ள பூஞ்சைக்கு அது நேராகச் சென்று சேர்வதில்லை.

பட்டியலில் கண்ட பொருள்களைச் சிறிது பார்ப்போம். இட்லி மாவு புளித்துப் பொங்குவது பூஞ்சையால் என்று எண்ணி அதனை விலக்கியிருக்கிறார்கள். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக உள்ள லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவே அம்மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையானது. அதுவும் ஆவியில் வேகும்போது மடிந்துவிடுகிறது. ரொட்டியில் சேரும் ஈஸ்ட் வேறு இனம். அடுப்பின் வெப்பத்தில் அதுவும் உயிர் தரிப்பதில்லை. காளான் பூஞ்சைக் குலத்தைச் சேர்ந்தது என்பதற்காக அதனைத் தின்றால் தேகத்தில் பூஞ்சை வளரும் என்பது, பசும்பால் குடித்தால் கொம்பு முளைக்கும் என்பது போன்ற வாதம். பழைய சோற்றுக்கும் மோருக்கும் இவ்விஷயத்தில் ஒரு குற்றமும் இல்லை. தயிர் உண்பதால் இவ்வியாதி தீரும் என்பாரும் உளர். அது உறுதியாக நிறுவப்படவில்லை. ஆயினும் நல்ல ஆகாரம், உண்ணலாம். பூண்டின் சாறும் தேங்காயெண்ணெயிலுள்ள அமிலங்களும் ஆராய்ச்சிச்சாலைக் கண்ணாடித் தட்டில் கேண்டிடாவைக் கொல்வது மெய். தட்டில் நிகழ்வது வயிற்றிலும் நிகழும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

வாழைப்பழத்தைக் குறித்துச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். காவிரிக் கரையில் வாழ்பவனுக்கு அந்த உரிமை உண்டு. பூவனும் கற்பூரவல்லியும் ரஸ்தாளியும் நம் பூமியின் செல்வம். வாழைக்கென்றே மத்திய சர்க்கார் 1993-இல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நம் திருச்சியில் அமைத்திருப்பதும் அங்கத்தினர் அறிந்ததே. கனிந்த வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 12 கிராம் சர்க்கரையும், இரண்டரை கிராம் நார்ச்சத்தும் உள்ளன. காயாக இருக்கும்போது அதிலுள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதில் ஜீரணமாகாமல் கீழ்க்குடலை அடைந்து, அங்குள்ள நற்கிருமிகளுக்கு இரையாகிறது. பூஞ்சையை அடக்கி வைக்கும் காவலர்கள் அந்த நற்கிருமிகளே. மொந்தன் காய்ப் பொரியலைக் கேண்டிடாவின் பெயரால் விலக்குவது எவ்வளவு விபரீதம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அப்படியாயின் தமக்கையாருக்கு அரிப்புத் தணிந்தது எவ்வாறு? இக்கேள்விதான் என்னையும் தடுமாறச் செய்தது. பங்குனியில் அதற்கு விடை கிடைத்தது. 40 நாள் முடிந்து அவர் வழக்கமான ஆகாரத்திற்குத் திரும்பிய மூன்றாம் வாரத்தில் அரிப்பு முன்னிலும் கடுமையாயிற்று. இரண்டாம் முறையும் பட்டியலைத் தொடங்கப் போவதாகச் சொன்னார். நானும் அவர் மகனும் வற்புறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். வைத்தியர் பட்டியலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இரத்தத்தில் சர்க்கரை பார்த்து எத்தனை காலமாயிற்று அம்மா?" என்றுதான் கேட்டார். பார்த்ததே இல்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 198 மில்லிகிராம் இருந்தது. 126-ஐ எட்டினாலே நீரிழிவு என்பது கணக்கு.

நீரிழிவு உள்ளவரின் இரத்தத்தில் மட்டுமன்றி, உமிழ்நீரிலும் சிறுநீரிலும் சர்க்கரை மிகுகிறது. வெள்ளணுக்களின் வலிமையும் குன்றுகிறது. கேண்டிடாவுக்கு இதைவிட வாய்ப்பான நிலம் வேறில்லை. சோற்றையும் வெல்லத்தையும் நிறுத்தியதால் இரத்தச் சர்க்கரை சிறிது இறங்கியது, அரிப்பும் தணிந்தது. பட்டியல் பலித்துவிட்டது என்று அவர் நம்பினார். உண்மையான வியாதி அந்த நம்பிக்கையின் பின்னே மறைந்து நின்றது. தலைச்சுற்றலுக்குக் காரணம் கிருமி சாவதன்று; போதிய ஆகாரமின்மையே. எத்தனை ஆண்டுகளாக அந்தச் சர்க்கரை அவருடைய கண்ணையும் சிறுநீரகத்தையும் அரித்து வந்ததோ! பட்டியலால் மேலும் இரண்டு மாதம் வீணாயிற்று.

2023-இல் வெளியான மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். அவர்களில் அதனை அறியாதவர் பலர். அடிக்கடி திரும்பி வரும் அரிப்போ, வெண்படிவோ, ஆறாத மடிப்புப் புண்ணோ உள்ளவர் ஆகாரத்தை மாற்றுமுன் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனைக்குக் கட்டணமில்லை. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் வைத்தியரைக் கேளாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயங்கி விழவும் நேரும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகள் சில இருக்கின்றன. அவற்றை உண்போருக்கு மறைவிடத்துப் பூஞ்சைத் தொல்லை வரக்கூடும். வந்தால் வைத்தியரிடம் கூசாமல் சொல்லவேண்டும். நம் பெண்மக்கள் இதனைச் சொல்ல நாணி, ஆண்டுக்கணக்கில் துன்புறுகிறார்கள்.

நீரிழிவன்றி வேறு காரணங்களும் உண்டு. காய்ச்சலுக்கென்று கடையில் தாமே வாங்கி உண்ணும் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நற்கிருமிகளை அழித்துப் பூஞ்சைக்கு இடம் விடுகின்றன. ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுவோர் பின்னர் வாயைக் கொப்புளிக்காவிடில் நாவில் அக்கரம் காணும். பொய்ப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்கவேண்டும்.

வாயில் அக்கரம் கண்டவருக்கு ஆகாரத்தில் கவனம் வேண்டியதுதான். விழுங்கும்போது எரிச்சல் இருக்குமாதலால், மிளகாய்க் காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்க உண்பது, முறுக்குப் போன்ற கடினமான பண்டங்கள் ஆகியவற்றைச் சில நாள் தள்ளி வைக்கலாம். குழைந்த மோர்ச்சோறு, ஆறிய கஞ்சி, இட்லி, மசித்த பருப்பு, வேகவைத்த முட்டை ஆகியவை எளிதில் இறங்கும். பால்கோவா, சர்பத்து முதலிய இனிப்புகள் வாயில் தங்காமல் பார்த்துக்கொள்வது நலம். பூஞ்சையைத் தீர்ப்பது மருந்துதான். இந்த ஆகாரம் நோயாளி வாடாமல் இருப்பதற்கு.

அம்மருந்தின் வரலாறு நம்மவர் கேட்கத்தக்கது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாண சுகாதார இலாகாவைச் சேர்ந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரு பெண்மணிகள் பற்பல இடங்களின் மண்ணைத் தருவித்துச் சோதித்தனர். வர்ஜீனியாவிலுள்ள நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிர், கேண்டிடாவைக் கொல்லும் பொருளைச் சுரப்பதை 1950-இல் அறிவித்தனர். தம் மாகாணத்தின் பெயரால் அதற்கு நிஸ்டாடின் என்று பெயரிட்டனர். அம்மருந்தால் வந்த உரிமைத்தொகை பல லட்சக்கணக்கான டாலர். அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டனர்.

இனி நம் தொழிலுக்கே உரிய ஒன்று. நடவுக் காலத்தில் சேற்றில் நாள் முழுதும் நிற்போருக்குக் கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து வெடிக்கும் சேற்றுப்புண்ணிலும், சாயத் தொட்டியிலும் கஞ்சியிலும் ஓயாமல் கை நனைப்போருக்கு நகக்கண் வீங்கிச் சிவப்பதிலும் கேண்டிடாவுக்குப் பங்குண்டு. இதற்குக் காரணம் ஈரம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைப் பருத்தித் துணியால் ஈரம்போகத் துடைத்து, காற்றாட விடவேண்டும். நம் தறியில் நெய்த துண்டு இதற்கு உகந்தது. சாயத்தொழிலாளர் பருத்திக் கையுறையின்மேல் ரப்பர் கையுறை அணிதல் நன்று. கடைக்காரர் எடுத்துத் தரும் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. அவை இரண்டு நாள் சுகம் தந்து பின்னர் நோயைப் பரப்புகின்றன, சீட்டின்றி வாங்கலாகாது.

தமக்கையார் இப்போது மாத்திரை உட்கொள்கிறார். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதற்கு இரு மடங்கு காய்கறியும் கீரையும், பருப்பு, மோர். காலையில் இரண்டு இட்லி. காப்பியில் சர்க்கரை இல்லை. வெல்லமும் பலகாரமும் நின்றுவிட்டன. மாலையில் சிறிய பூவன் பழம் ஒன்றில் பாதி. மறுபாதி பேத்திக்கு. ஆடியில் எடுத்த சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 121 ஆக இறங்கியிருந்தது. அரிப்பு திரும்பி வரவில்லை. அண்டை வீட்டு அம்மையாரும் தம் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டாராம்.