மலருக்கேற்ற குழுப்படம்

கல்லூரி மலரைக் கையிலெடுப்போர் முதற்கண் தேடுவது தம் முகத்தையே. உச்சிவெயில் கண்குழிகளில் நிழல் வீழ்த்துமாதலின், காலை வேளையிற் கட்டட நிழலில் மாணவரை நிறுத்துதல் நன்று. வெள்ளைச் சீருடை மிகுந்தவிடத்துக் கமராவின் ஒளிமானி ஏமாறும். வெண்மையின் மிகுதி கண்டு அது ஒளியைக் குறைக்க, முகங்கள் கறுத்துப்போம். அதிபரின் வேட்டியும் இதற்குத் துணைபோவதே! ஆகவே ஒளியை ஒரு படி கூட்டிக்கொள்ளல் வேண்டும். அச்சகத்துக்கு மூலப்படத்தையே கொடுக்க. வாட்ஸ்அப் வழி வந்தது சுருங்கியிருக்கும்.

படத்தினும் அரியது பெயர் வரிசை. 1995ஆம் ஆண்டு வலிகாம இடப்பெயர்வில் வீட்டுப் படங்களை இழந்தோர்க்கு மலரின் குழுப்படமே இளமையின் சான்றாய் எஞ்சலாம். ‘இருப்போர், நிற்போர், இடமிருந்து வலம்’ என்பதை வரிசை கலையுமுன்னரே நாம் எழுதிக்கொள்ளல் வேண்டும். ‘சமுகமளிக்காதோர்’ பெயரையும் விடலாகாது.