உடலுக்கேற்ற ஓடம்

ஜொகூரையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் கடற்கால்வாய்க்குத் தெப்ராவ் நீரிணை என்று பெயர். நம் ஊரின் பெயரே அதற்கும் அமைந்திருப்பது நமக்குப் பெருமை. அந்நீரிணையின் ஓரங்களில் ஓராங் செலேத்தார் எனும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே இல்லறம் நடத்தி வந்தனர். துடுப்பிடுதல் அவர்களுக்குக் கைவந்த கலை. இன்று கடலோரங்களில் பலரும் விளையாட்டாகச் செலுத்தும் 'காயாக்' எனும் ஒடுங்கிய படகிற்கும் அத்தகைய பயிற்சி தேவை. அதனைப் பற்றிச் சிறிது அறிவோம்.

காயாக் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கண்ட படகு. மரம் அரிதான அந்நிலத்தில், கடலில் மிதந்து வந்த கட்டைகளையும் எலும்புகளையும் கொண்டு சட்டம் அமைத்து, சீல் எனும் கடல் விலங்கின் தோலை அதன்மேல் போர்த்தித் தைத்தனர். விரித்த கைகளின் நீளம், இடுப்பின் அகலம், கைமுட்டி ஆகியவையே அவர்களுடைய அளவுகோல்கள். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பது போல, ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலுக்கேற்பப் படகு அமைந்தது.

இப்பொருத்தம் ஏன் வேண்டும்? பாதங்கள் மிதிகட்டையில் ஊன்றி, முழங்கால்கள் படகின் உட்புறத்தைத் தொட்டு, இடுப்பு ஆடாது அமர்ந்தால், நாம் அசைவதற்கேற்பப் படகும் சாய்ந்து நிமிரும். இருக்கை தளர்ந்திருந்தால் அலை மோதும்போது நாம் ஒருபுறம் சரிந்துவிடுவோம். மிக இறுகியிருந்தால் கால் மரத்துப்போகும். படகு கவிழ்ந்தால் வெளியேறுவதும் அரிதாகும்.

அடுத்தது திறன். கைவலிமை இருந்தால் போதும் என எண்ணுவது தவறு. தோட்டத்தில் மரம் சீவிய நம் பெரியோர் இதனை நன்கறிவர். கத்தியை அழுத்தினால் மரம் காயப்படும். பதமறிந்து சீவினால்தான் பால் சுரக்கும். துடுப்பும் அத்தகையதே. கையால் மட்டும் இழுப்பவர் விரைவில் களைப்பார். இடுப்பிலிருந்து உடலைத் திருப்பித் துடுப்பிடுபவர் நெடுந்தூரம் செல்வார். படகு சாயும்போது துடுப்பால் நீரை அழுத்தி நிமிர்தல், கவிழ்ந்தால் பதறாமல் மூச்சடக்கி வெளியேறுதல், மீண்டும் படகில் ஏறுதல் ஆகியவற்றைப் பயிற்றுநர் முன்னிலையில் அமைதியான நீரில் முதலில் பழக வேண்டும்.

கடலின் இயல்பையும் அறிதல் வேண்டும். நீரிணையில் நீர் நாள்தோறும் ஏறி இறங்கும். அந்நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்பிடுதல் கடினம். பாசிர் கூடாங் துறைமுகத்திற்கு வரும் பெருங்கப்பல்களும் சிறுபடகுகளுக்கு ஆபத்தானவை. கிழக்குக் கரையிலோ நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் உயிர்காப்பு அங்கியும் அளவாக இருக்க வேண்டும். பெரியவரின் அங்கியை அணிந்த சிறுவன் நீரில் விழுந்தால், அங்கி மேலெழும்பும். அவனோ அதிலிருந்து நழுவிவிடுவான். வார்களை இறுக்கியபின் தோள்பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அங்கி தாடைவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பொருந்தாது; வேறு அங்கி கேளுங்கள். அதுவும் கிடைக்காவிடின் அன்று பிள்ளையைப் படகில் ஏற்ற வேண்டாம்.

மாணவர்களே! ஆழமறியாமல் காலை விடாதே என்பர் நம் முன்னோர். முதலில் நீந்தக் கற்போம். பின்னர்த் துடுப்பை ஏந்துவோம்.