தார் பாலைவனத்தின் கமாய்ச்சா: மேடைகள் பெருகியும் வாசிப்பவர்கள் குறைவது ஏன்?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள், மணற்குன்றுகளுக்கு நடுவே அமைந்த கூடார விடுதிகளில் மாலை வேளையில் நாட்டுப்புற இசை கேட்பது வழக்கம். ஆர்மோனியம், டோலக், கர்தால் ஆகியவை முழங்கும் அந்த நிகழ்ச்சிகளில், அம்மண்ணுக்கே உரிய கமாய்ச்சா என்ற வில்லிசைக் கருவியைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. பாலைவன இசைக்கு உலகெங்கும் மேடைகள் பெருகியுள்ள காலத்தில், அந்த இசையின் அடையாளமான கருவி பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

கமாய்ச்சாவின் உடல் மாமரக் கட்டையைக் குடைந்து செய்யப்படுகிறது. பெரிய கிண்ணத்தைப் போன்ற வட்டமான அடிப்பகுதியின் மேல் ஆட்டுத்தோல் போர்த்தப்படும். முதன்மை நரம்புகள் மூன்றும் ஆட்டுக் குடலில் இருந்து திரிக்கப்படுபவை. அவற்றுடன், வில் படும்போது தாமாகவே அதிர்ந்து கார்வை தரும் உலோகக் கம்பிகள் பல இருக்கும். தரையில் அமர்ந்து கருவியை முன்னால் நிறுத்தி, குதிரைவால் முடி கட்டிய நீண்ட வில்லால் வாசிக்கிறார்கள். அடித்தொண்டையில் இருந்து எழும் குரலைப் போன்ற கனத்த நாதம் இதன் தனித்தன்மை.

பிறப்பு முதல் இறப்பு வரை

இக்கருவியைத் தலைமுறைகளாகக் கையாண்டு வருபவர்கள் மாங்கணியார் சமூகத்தினர். பார்மர், ஜெய்சல்மேர் மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் இவர்கள் வசிக்கின்றனர். இஸ்லாமியர்களான இவர்களை ஆதரித்து வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை இந்து ராஜபுத்திரக் குடும்பங்கள். குழந்தை பிறந்தாலும் திருமணம் நடந்தாலும் மாங்கணியார் வந்து பாட வேண்டும். புரவலர் குடும்பத்தின் வம்சாவளியை நினைவில் வைத்திருந்து சொல்வதும் அவர்களின் கடமை. கைம்மாறாகத் தானியம், கால்நடை, துணி, பணம் ஆகியவை வழங்கப்பட்டன. கிருஷ்ணனைப் போற்றும் பாடல்களையும், சிந்தி சூஃபி ஞானி ஷா அப்துல் லத்தீபின் பாடல்களையும் ஒரே பாடகர் ஒரே இரவில் பாடுவது இங்கு இயல்பானது.

மாங்கணியார்களுக்கு இணையாகப் பேசப்படும் லங்கா சமூகத்தினரும் இஸ்லாமியர்களே. அவர்களுடைய புரவலர்கள் சிந்தி சிப்பாய் எனப்படும் இஸ்லாமியக் குடும்பத்தினர். இவர்களில் ஒரு பிரிவினர் சிந்தி சாரங்கியையும், மற்றொரு பிரிவினர் சுர்ணாய், முரளி போன்ற காற்றுக் கருவிகளையும் வாசிக்கின்றனர்.

பாலைவனத்தின் பிற கருவிகளும் கையில் கிடைத்த பொருட்களில் உருவானவையே. கர்தால் என்பது கைக்கு இரண்டாகப் பிடித்துத் தட்டப்படும் மரச் சில்லுகள். பற்களுக்கிடையே வைத்து விரலால் மீட்டப்படும் இரும்புக் கருவியான மோர்சங், கர்நாடக இசைக் கச்சேரிகளில் ஒலிக்கும் மோர்சிங்கேதான். போபா எனப்படும் பூசாரிகள் வாசிக்கும் ராவணஹத்தாவின் அடிப்பாகம் தேங்காய்ச் சிரட்டை. இலங்கை வேந்தன் ராவணனே அதை உருவாக்கியதாகக் கதை உண்டு. பாபுஜி என்ற நாட்டார் தெய்வத்தின் வரலாறு தீட்டப்பட்ட நீண்ட துணிச் சீலையை விரித்து, விளக்கொளியில் போபாவும் அவர் மனைவியும் இரவு முழுவதும் கதை பாடுவார்கள்.

முற்றத்தில் இருந்து மேடைக்கு

புரவலர் வீட்டு முற்றத்துக்குள் இருந்த இந்த இசையை வெளியுலகம் அறியச் செய்ததில் நாட்டுப்புறவியல் அறிஞர் கோமல் கோத்தாரியின் (1929-2004) பங்கு பெரிது. எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடன் இணைந்து 1960-இல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தான் நிறுவனத்தை உருவாக்கிய அவர், பாடல்களை ஒலிப்பதிவு செய்ததுடன் கலைஞர்களை நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அழைத்துச் சென்றார். ராய்ஸ்டன் ஏபெல் 2006-இல் அரங்கேற்றிய 'தி மாங்கணியார் செடக்‌ஷன்' பல நாடுகளில் நிகழ்த்தப்பட்டது. 2007 முதல் ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டையில் நடந்துவரும் நாட்டுப்புற இசை விழாவிலும் இவர்களுக்கு முக்கிய இடம் உண்டு.

விருதுகளும் வந்தன. ஹமீரா கிராமத்தைச் சேர்ந்த கமாய்ச்சா மேதை சாக்கர் கானுக்கு 2012-இலும், பாடகர் அன்வர் கானுக்கு 2020-இலும், சிந்தி சாரங்கிக் கலைஞர் லாக்கா கானுக்கு 2021-இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சாக்கர் கான் 2013-இல் காலமானார்.

ஆனால் மேடை தனக்கேற்ற கருவிகளையே தேர்ந்தெடுத்தது. தோலும் குடல் நரம்பும் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தளர்வதால், வெளியூர்களில் கமாய்ச்சாவை அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். ஆர்மோனியத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதேசமயம், ஒரு சுரத்தில் இருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் மாங்கணியார் குரலை ஆர்மோனியத்தின் கட்டைகளால் பின்தொடர முடியாது. கமாய்ச்சாவால் முடியும். அக்கருவி இல்லாதபோது பாடும் முறையே மெல்ல மாறுகிறது என்பதுதான் இதில் உள்ள பெரிய இழப்பு. பார்வையாளர்களை உடனே கவரும் கர்தாலையும் டோலக்கையும் இளைஞர்கள் நாடுவதில் வியப்பில்லை. கமாய்ச்சாவில் கை படிய ஆண்டுகள் பிடிக்கும். வருமானமோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

பல நிமிடங்கள் நீளும் 'மோட்டா கீத்' எனப்படும் பெரும்பாடல்களுக்கும் விடுதி நிகழ்ச்சிகளில் நேரம் கிடைப்பதில்லை. பெண்களின் நிலை வேறு. புரவலர் வீட்டுச் சடங்குகளில் பாடும் அவர்கள் பொதுமேடைகளில் அரிதாகவே தென்படுகின்றனர்.

பழைய புரவலர் முறைக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்வதும் எளிதல்ல. பாடகர்களுக்கு வாழ்வாதாரம் அளித்த அதே முறை, அவர்களைச் சாதி அடுக்கின் கீழ்நிலையிலும் வைத்திருந்தது. 'மாங்கணியார்' என்ற பெயரே யாசித்துப் பெறுபவர் என்ற பொருளில் இருந்து வந்ததாகக் கூறப்படுகிறது. 2017-இல் ஜெய்சல்மேர் மாவட்டக் கிராமம் ஒன்றில் கோயில் சடங்கில் பாடிய மாங்கணியார் பாடகர் கொல்லப்பட்டார். பாடியது சரியில்லை என்று பூசாரி ஆத்திரமடைந்ததே காரணம் எனக் குற்றம்சாட்டப்பட்டது. அதைத் தொடர்ந்து அச்சமூகத்தைச் சேர்ந்த குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின.

கமாய்ச்சா செய்யத் தெரிந்த கைவினைஞர்களும் இப்போது சிலரே. எனவே வாசிப்பில் உள்ள கருவிகளில் பல, பாட்டன் காலத்தில் இருந்து பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் கைமாறி வந்தவையாகவே இருக்கின்றன.